தமிழ்ப் பக்கத்துக்கு யாரு கையெழுத்து போட்டா?

போன வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், அம்மா பருப்பு வடை சுட்டு வச்சிருந்துச்சு, எனக்கு கட்டிக் குடுக்க பேப்பர் தேடுனப்ப கைக்கு கெடச்சது மஜ்லிஸ், அதான் எங்க ஊராட்சி மன்றம், வீட்டுக்கு வீடு போடுற செய்தி மடல். அதுல நாலு வடைய வச்சி மடிச்சா எண்ணெய் பூராவும் பேப்பர் மேலேயே நிக்குது, ஒரு சொட்டு உள்ள இழுக்கல, மடிப்புல வழிஞ்சி என் பேக்குக்குள்ள எறங்கிருச்சு. "வடை மடிக்கக்கூட ஒதவாத பேப்பர எதுக்குடி இவனுங்க காசு போட்டு அடிக்கிறானுங்க"ன்னு அம்மா கேட்டுச்சு.

சிரிச்சிட்டு விட்டுட்டேன், ஆனா அந்த கேள்விக்கு எனக்கு பதில் தெரியும், கொஞ்சம் இல்ல நல்லாவே தெரியும், ஏன்னா அந்த செய்தி மடல யாரு அடிக்கணும்னு முடிவு பண்ற கதையில நானும் ஒரு ஓரமா இருந்தேன். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது, இன்னைக்கு லீவு, மழை வேற, எழுதிடுறேன்.

ஊர் பேரு வேணாம். மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்குற ஒரு சின்ன டவுன், சுத்தி தோட்டம். எங்க தாத்தா காலத்துல எல்லாம் ரப்பர்ப் பால் மரம், இப்ப கண்ணுக்கு எட்டுன வரைக்கும் செம்பனை. லயத்து வீடெல்லாம் ஒடச்சி சனங்க டவுன் பக்கத்து தாமான்களுக்கு, அதான் குடியிருப்புங்களுக்கு, வந்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. பஸ் ஸ்டேசனுக்கு பின்னாடி வரிசையில எங்க மாமா அச்சகம். கல்யாண கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், காரியப் பத்திரிகை, ஒர்க்‌ஷாப்புக்கு பில் புக், தமிழ்ப்பள்ளிக்கு விளையாட்டுப் போட்டி புத்தகம், இதுதான் அவரு தொழில். நான் ஸ்கூல் லீவுல அங்க உக்காந்து பேப்பர் எண்ணி வளந்தவ, இப்பவும் வேலை முடிஞ்சி சனிக்கிழம போயி தமிழ் டைப்பிங் செஞ்சி குடுப்பேன்.

2017ன்னு நெனக்கிறேன், மஜ்லிஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க. ஊர் மக்களுக்கு செய்தி மடல், வருசத்துக்கு நாலு தடவ, ஒவ்வொரு தடவையும் 6,000 பிரதி, எட்டு பக்கம், ஏ4 சைஸ், ஃபுல் கலர். அதுக்கு செபுட் ஹார்கா, அதான் கம்பெனிங்ககிட்ட விலைப்புள்ளி, கூப்புடுறாங்க. அப்போ நிதி அமைச்சு வழிமுறைப்படி 50,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல போனா 500,000 வரைக்கும் செபுட் ஹார்கா, அதையும் தாண்டுனா தெண்டர், 50,000க்குள்ள இருந்தா நேரா வாங்கிக்கலாம். ஒரு தடவைக்கு மட்டும் கணக்கு பார்த்தா சின்ன தொகைதான், நாலு தடவையும் சேத்தா 50,000 தாண்டும், அதனால செபுட் ஹார்கா. தனித்தனியா பிச்சி பிச்சி சின்ன வேலையா குடுக்கக் கூடாதுன்னு விதியிலேயே இருக்கு, எங்க மஜ்லிஸ் அத ஒழுங்கா செஞ்சிச்சு, அத சொல்லியாகணும்.

மாமாவுக்கு ஒரே குஷி. நிதி அமைச்சு பதிவு அவருகிட்ட இருந்திச்சு, அச்சக லைசென்சும் ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்கு பக்கத்துல மாட்டி வச்சிருக்காரு. நம்ம நாட்டுல அச்சு மெஷின் வச்சி தொழில் செய்யணும்னா 1984 அச்சகச் சட்டப்படி உள்துறை அமைச்சு லைசென்ஸ் வேணும், 2012 வரைக்கும் வருசா வருசம் புதுப்பிக்கணும், அந்த வருசம் சட்டத்த திருத்துனப்பதான் அந்த தொல்லை போச்சு. "பாப்பா, இது நம்ம ஊரு வேலை, நமக்கு கெடைக்காம யாருக்கு கெடைக்கும்"னாரு.

கவுன்ட்டர்ல டாக்குமெண்ட் வாங்கிட்டு வந்து ராத்திரி பூரா நாங்க ரெண்டு பேரும் உக்காந்து நெரப்புனோம். கம்பெனி விவரம், பேங்க் ஸ்டேட்மெண்ட், முன்ன செஞ்ச வேலைங்க, லஞ்சம் குடுக்க மாட்டேன்னு எழுதி கையெழுத்து போடுற சூராட் அக்குவான், ஒவ்வொரு பக்கத்துலயும் சாப்பா, அதான் முத்திரை, குத்தணும். கடைசியா விலை ஃபாரம். ஓரத்துல ஒரு வரி, மஜ்லிஸ் குறைஞ்ச விலைய எடுத்துத்தான் ஆகணும்னு கட்டாயம் இல்லன்னு. மாமா அந்த வரிய ரெண்டு தடவ வெரல் வச்சி படிச்சாரு. அந்த வரியில அவருக்கு பெரிய நம்பிக்கை.

இப்ப கணக்குக்கு வருவோம், இந்த கணக்கு தெரியாமதான் நெறைய பேரு "உள்ளூர்க்காரனுக்கு குடுக்கல"ன்னு காப்பிக்கடையில திட்டுறாங்க, நானும் திட்டுனவதான். எட்டு பக்கம் ஏ4ன்னா ஒரு பிரதிக்கு ரெண்டு ஏ3 தாள், நடுவுல மடிச்சி பின் அடிக்கணும். 6,000 பிரதிக்கு 12,000 தாள். மாமாகிட்ட இருக்குறது பழைய ஹைடல்பெர்க் ஜிடிஓ, ஒரு கலர் மெஷின், ஏ3தான் போகும். ஃபுல் கலர்னா நீலம், செவப்பு, மஞ்ச, கருப்பு நாலு தடவ ஓட்டணும், தாளுக்கு ரெண்டு பக்கம், ஆக 12,000 பெருக்கல் 2 பெருக்கல் 4, மொத்தம் 96,000 தடவ அந்த மெஷின் தாள கடிச்சி துப்பணும். பிளேட் மட்டும் பதினாறு. அந்த மெஷினோட முழு வேகம் மணிக்கு 8,000, மாமா மெஷினுக்கு வயசாச்சு, 5,000 ஓடுனா சாமிக்கு கற்பூரம் காட்டுவாரு. அதே வேலைய ஏ2 சைஸ் நாலு கலர் மெஷின்ல போட்டா? எட்டு பக்கமும் ஒரே தாள்ல ரெண்டு பக்கமா அடங்கிரும், 6,000 தாள், 12,000 ஓட்டம், எட்டு பிளேட், மதியம் ஆரம்பிச்சா சாயந்திரம் தே தாரிக் குடிக்கப் போயிரலாம். 96,000 எங்க, 12,000 எங்க. சோ மாமா என்ன செய்யலாம்னா ஈப்போவுல பெரிய மெஷின் வச்சிருக்குற ஒரு தவுக்கேகிட்ட, அதான் அச்சக மொதலாளிகிட்ட, குடுத்து அடிச்சி வாங்கி, மேல கொஞ்சம் லாபம் வச்சி, லாரி வாடகை போட்டு விலை சொல்லலாம், அப்படித்தான் சொன்னாரு. அந்த தவுக்கே நேரா விலை போட்டா மாமாவ விட மலிவாத்தான் வரும், இது அஞ்சாம் வகுப்பு கணக்கு, ஆனா அந்த ராத்திரி எங்க ரெண்டு பேருக்கும் ஏறல.

கவர் ஒட்டி மஜ்லிஸ் ஆபீஸ் பெட்டியில போட்டோம். புதன்கிழம மதியம் 12 மணிக்கு பெட்டிய மூடிருவாங்க, 12 அடிச்சி ஒரு நிமிசம் ஆனாலும் போடக்கூடாது. எங்களுக்கு பின்னாடி ஒருத்தர் மோட்டர்ல பறந்து வந்தாரு, 12:03, செக்யூரிட்டி விடல, பாவம் அந்தாளு ஹெல்மெட்ட கழட்டாமலேயே நின்னுட்டு இருந்தாரு. அப்பறம் பெட்டிய தொறந்து விலைப்பட்டியல போர்டுல ஒட்டுனாங்க. கம்பெனி பேரு இருக்காது, ஏழு பேரு போட்டிருந்தா 1/7, 2/7ன்னு நம்பரும் விலையும் மட்டும் இருக்கும். தரத்த பாக்குற குழு வேற, விலைய பாக்குற குழு வேற, தரம் பாக்குறவங்களுக்கு விலை தெரியக்கூடாதுங்கிறது ஏற்பாடு. எங்க விலைய நாங்களே தேடிப் பாத்தோம், கீழ இருந்து அஞ்சாவது. ஆகக் குறைஞ்சதுக்கும் எங்களுக்கும் பிரதிக்கு 85 காசு வித்தியாசம். 24,000 பிரதிக்கு 20,400 வெள்ளி. வரி கட்டுறவ கண்ணுல பாத்தா எனக்கே மாமாவுக்கு குடுக்க மனசு வராது. மாமா ஒண்ணும் சொல்லல, பசார்ல மீன் வாங்கிட்டு வீட்டுக்கு போயிட்டாரு.

வேற ஊரு கம்பெனிக்கு வேலை போச்சு. ஆகஸ்ட்டுக்குள்ள கட்ட வேண்டிய வீட்டு வரி பில்லோட மொத மடல் வந்துச்சு. பளபளன்னு, 128 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அதாவது ஒரு சதுர மீட்டர் 128 கிராம். ஒரு பிரதி கிட்டத்தட்ட 32 கிராம், 6,000க்கு 190 கிலோவுக்கு மேல. இதையே 80 ஜிஎஸ்எம் சிமிலி பேப்பர்ல, அதான் பூச்சு இல்லாத சாதாரண பேப்பர்ல, அடிச்சிருந்தா 120 கிலோவுல முடிஞ்சிருக்கும், காசும் கொறஞ்சிருக்கும், வீட்டு டியூப் லைட்டுக்கு கீழ கண்ண கூசாம பெருசுங்க படிச்சிருப்பாங்க. ஆர்ட் பேப்பர் மேல வெள்ள மண்ணு, சுண்ணாம்பு மாதிரி ஒரு பூச்சு பூசியிருப்பாங்க, மை மேலேயே நிக்கும், படம் பளிச்சுன்னு வரும், அதான் வடை எண்ணெயையும் இழுக்கல. அப்ப ஏன் ஆர்ட் பேப்பர்? மொத பக்கத்துல தலைவர் படம், ரெண்டாவது பக்கத்துல தலைவர் மரம் நடுற படம், மூணாவது பக்கத்துல தலைவர் கோத்தோங் ரோயோங்ல, அதான் ஊரு கூடி செய்யிற துப்புரவு வேலையில, தொடப்பம் புடிச்சிருக்குற படம். சரி அத விடுங்க.

அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. தோட்டத்துப் பள்ளியில தமிழ் மட்டும் ஆறாவது வரைக்கும் படிச்சது. ஏழாவது பக்கம் தமிழ்ப் பக்கம்னு நான் எடுத்துக் குடுத்தேன், கண்ணாடிய போட்டுச்சு, ரொம்ப நேரம் பாத்துச்சு, அப்பறம் "எழுத்தெல்லாம் ஒடஞ்சி கெடக்குதேடி"ன்னுச்சு.

வாங்கிப் பாத்தா வயிறு எரிஞ்சிச்சு. கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி நிக்குது. "மேலே"ங்கிற வார்த்தை "மலே"ன்னு ஆகி கடைசியில ஒரு ரெட்டக் கொம்பு அநாதையா தொங்குது, மேலே காட்டிய தேதிகள்ங்கிறது மலே காட்டிய தேதிகள், நம்ம நாட்டுல இதுக்கு என்ன அர்த்தம் எடுத்துக்குறதுன்னே தெரியல. குப்பை லாரி எந்த நாள் வரும், கொசு மருந்து எப்ப அடிப்பாங்க, நாய் லைசென்ஸ், பெரிய சாமான் தூக்கிப் போடுறது, ஒண்ணும் படிக்க முடியல. சில எடத்துல எழுத்தே இல்லாம புள்ளி புள்ளியா வட்டம். பக்கத்துலயே சீனப் பக்கம், ஒரு எழுத்து பிசகல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, தமிழ யூனிகோட்ல டைப் பண்ணா கம்ப்யூட்டருக்குள்ள மொதல்ல ம, அப்பறம்தான் கொம்பு. கண்ணுக்கு காட்டும்போது கொம்ப முன்னாடி இழுத்து வைக்கிற வேலைய சாஃப்ட்வேர் செய்யணும். ஃபோன்ல, வேர்டுல எல்லாம் அது தானா நடந்துரும். பக்கம் அமைக்கிற இன்டிசைன்ல சாதாரண செட்டிங்ல அது நடக்காது, வேர்ல்ட் ரெடி கம்போசர்னு ஒண்ணு இருக்கு, அத மாத்தி விடணும், மூணு க்ளிக் வேலை. சீன எழுத்துக்கு இந்த முன்ன பின்ன மாத்துற தொல்லை கெடையாது, போட்ட எடத்துல ஒக்காந்துக்கும். அது போக அந்த டிசைன் டேபிள்ல சீனம் படிக்கிறவங்க இருந்திருப்பாங்க, தமிழ் படிக்கிறவங்க இருந்திருக்க மாட்டாங்க. மாமா காலத்துல பழைய ஃபாண்ட்ல கொம்ப மொதல்ல தட்டி அப்பறம் எழுத்த தட்டுவோம், பாத்தபடி அச்சாகும். இத்தனைக்கும் கம்ப்யூட்டர் தமிழுக்கு நம்ம ஊரு ஆளு முத்து நெடுமாறன் 1985லேயே முரசு செஞ்சி குடுத்துட்டாரு, மலேசியாவுல உக்காந்துகிட்டு தமிழ் எழுத்து ஒடஞ்சி அச்சாகுதுன்னா வேற எங்க போயி சொல்றது.

எங்க மாநிலத்துல சிலாங்கூர், பினாங்கு மாதிரி தகவல் கேட்டு வாங்குற சட்டம் எல்லாம் இல்ல, நேரா ஆபீசுக்கு போனேன். கவுன்சிலர்கிட்ட போயிருக்கலாம், ஆனா நம்ம நாட்டுல 1965லேயே ஊராட்சித் தேர்தல நிறுத்தியாச்சு, கவுன்சிலர மாநில அரசு நியமிக்குது, நான் ஓட்டு போட்டு வந்தவரு இல்ல, எந்த மொகத்த வச்சி சண்ட போடுறது. கவுன்ட்டர்ல இருந்த புவான், அதான் மேடம், நல்ல மனுசி. "அடெக் (தங்கச்சி), உக்காரு"ன்னு சொல்லி ஃபைல எடுத்துக் காட்டுனாங்க. உள்ள கம்பெனி அனுப்புன சாம்பிள் பக்கம், அதாவது ப்ரூஃப், அதே ஒடஞ்ச தமிழ், கீழ சரி பாத்தாச்சுன்னு ஒரு கையெழுத்து, சாப்பா.

"யாரு புவான் கையெழுத்து போட்டது?"

"நான்தான்."

நானும் அவங்க மொகத்த பாக்குறேன், அவங்களும் என் மொகத்த பாக்குறாங்க. அவங்களுக்கு தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. ரெண்டு நாள்ல ப்ரூஃப திருப்பி அனுப்பணும்னு இருந்துச்சாம், எட்டு பக்கத்துலயும் போட்டாங்க, ஏழாவது பக்கத்துலயும் போட்டாங்க. அச்சுத் தொழில்ல இந்த கையெழுத்துக்கு உள்ள வெயிட்டு வெளிய நெறைய பேருக்கு தெரியாது. ப்ரூஃப்ல வாடிக்கையாளர் கையெழுத்து போட்ட அந்த நிமிசம் பிழை அச்சகத்தோடது இல்ல, உங்களோடது. மாமா கடையில மாப்பிள்ள பேரு தப்பா வந்த கல்யாண கார்டு கேஸ் ஒண்ணு இப்படித்தான், பொண்ணோட அப்பா கையெழுத்து ஃபைல்ல இருந்ததால மாமா தப்பிச்சாரு, ஆனா பாதி காச அவரே போட்டு திரும்ப அடிச்சிக் குடுத்தாரு, அது வேற. இங்க அந்த கம்பெனிய கேட்டா "நீங்கதானே ஓக்கேன்னீங்க"ன்னுட்டான். அவன் சொன்னதுல தப்பே இல்ல. டாக்குமெண்ட்ட எடுத்துப் பாருங்க, தமிழ பத்தி ஒரே ஒரு வரி, எட்டு பக்கத்துல ஒரு பக்கம் தமிழ். அவ்வளவுதான். பேப்பருக்கு எத்தன ஜிஎஸ்எம், பின்னு எத்தன, ஓரத்துல வெட்டுறதுக்கு 3 மில்லிமீட்டர் ப்ளீட், ஒரு கட்டுக்கு எத்தன பிரதி, எந்த ஸ்டோர்ல எறக்கணும், எல்லாத்துக்கும் பத்தி பத்தியா எழுதியிருக்கு. தமிழ யாரு டைப் பண்றது, யாரு படிச்சிப் பாக்குறது, எழுத்து ஒடஞ்சா யாரு காசுல திரும்ப அடிக்கிறது, ஒரு வார்த்த இல்ல. எழுதாத ஒண்ணுக்கு ஏழு பேருல எவனும் விலை போட மாட்டான். போட்டா அவன் விலை ஏறிரும், தோத்துருவான். விலை குறைஞ்சவனுக்கு குடுத்ததுல எனக்கு கோவமே இல்ல, அந்த டாக்குமெண்ட எழுதுன அன்னைக்கே ஏழாவது பக்கம் ஒடஞ்சி போச்சு.

மாமாகிட்ட வந்து சொன்னேன், சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன், "நான் விலை போடும்போது நானும் அதுக்குன்னு தனியா ஒண்ணும் போடலியே பாப்பா, நீ சும்மா படிச்சிக் குடுப்பேன்னுதானே போட்டேன்"னாரு. அது சுருக்குன்னுச்சு. எங்க கடையிலயும் தமிழ் ப்ரூஃபுக்கு விலை பூஜ்யம்தான், அந்த பூஜ்யம் நான்.

இன்னொரு கூத்து. நம்ம நாட்டுல எது அச்சடிச்சி வெளியிட்டாலும் 1986 சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஒரு மாசத்துக்குள்ள அஞ்சு பிரதி குடுக்கணும், பத்திரமா வைக்கிறதுக்கு. எங்க மஜ்லிஸ் ஒழுங்கா அனுப்பியிருந்தா அந்த "மலே காட்டிய தேதிகள்" கோலாலம்பூர்ல ஏசி ரூம்ல அஞ்சு பிரதியா பத்திரமா இருக்கும். எங்க தாத்தா தோட்டத்துல வேலை செஞ்ச ஒரு துண்டுக் காயிதம்கூட எங்ககிட்ட இல்ல.

புவான்கிட்ட ஒரு ஏ4 தாள்ல எழுதிக் குடுத்தேன், என் உடைஞ்ச ஆபீஸ் மலாய்ல. தமிழ் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு ப்ரூஃப படிச்சி பேரு போட்டு கையெழுத்து போடணும், அந்த ஆளுக்கு காச கம்பெனி விலையிலேயே சேக்கணும். ப்ரூஃப் பிடிஎஃப்பா மட்டும் இல்லாம தாள்ல அடிச்சி வரணும். விலை போடும்போதே ஒரு பக்கம் தமிழ் சாம்பிள் அடிச்சி வைக்கணும், எழுத்து ஒடஞ்சிருந்தா தரம் பாக்குற குழுவுலேயே வெளிய போயிரும், விலைய பாக்க வேண்டியதே இல்ல. பினாங்கு மாநில அரசு 'புலெட்டின் முத்தியாரா'ங்கிற அவங்க செய்தி இதழ தமிழ்லயும் போடுது, பெரிய எடத்துல முடியுதுன்னா எட்டு பக்கத்துல ஒரு பக்கம் நமக்கு முடியாதா.

அடுத்த வருச டாக்குமெண்ட்ல மூணுல ரெண்டு வந்திருந்துச்சு. சாம்பிள் வந்துச்சு, தாள் ப்ரூஃப் வந்துச்சு. படிக்கிற ஆளுக்கு காசுங்கிறது வரல, "மஜ்லிஸ் ஏற்பாடு செய்யும்"னு மாத்திட்டாங்க. மஜ்லிஸ் ஏற்பாடுன்னா யாருன்னு நெனக்கிறீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ புவான் வாட்ஸ்அப்புல "அடெக், தோலோங்"னு, அதான் கொஞ்சம் ஒதவுன்னு, ஒரு மெசேஜ், நான் வேலை முடிஞ்சி போயி செவப்பு பேனாவோட நிக்கிறேன், ஒரு தடவ கரிப்பாப் குடுத்தாங்க. 2019ல தமிழ் நேசன் மூடுனாங்களே, 1924ல ஆரம்பிச்ச பேப்பர், அப்ப எத்தன ப்ரூஃப் பாக்குறவங்க வீட்டுக்கு போயிருப்பாங்கன்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன், அவங்கள்ல ஒருத்தருக்கு பக்கத்துக்கு இவ்வளவுன்னு குடுத்தா என்ன கொறஞ்சிரும், அந்த ஆர்ட் பேப்பர சிமிலியா மாத்துனாலே வர்ற மிச்சத்துல குடுக்கலாம்.

மாமா அதுக்கப்பறம் விலை போடல. ஈப்போ தவுக்கேதான் ரெண்டு வருசமா எடுக்குறாரு, மாமாவே அவருக்கு நம்பர் குடுத்தாரு, மடிக்கிறதும் கட்டு கட்டுறதும் மட்டும் மாமா கடைக்கு வருது, மஜ்லிஸ் அனுமதியோட. மடலோட கடைசிப் பக்கத்துல கீழ சின்ன எழுத்துல அச்சகத்து பேரு அட்ரஸ் போடணும்னு சட்டம் இருக்கு, அதுல தவுக்கே பேருதான். அம்மா மட்டும் கேக்கும், "ஒங்க மாமா பேரு எங்கடி"ன்னு.

அடுத்த மாசம் புது ரெண்டு வருச டாக்குமெண்ட எழுத ஆரம்பிக்கப் போறாங்களாம், புவான் சொன்னாங்க. அச்சையே கொறச்சிட்டு கியூஆர் கோடு ஒட்டிரலாம்னு மேல ஒரு பேச்சு வேற இருக்காம், அம்மாகிட்ட இருக்குறது பட்டன் ஃபோன். உங்க ஊரு மாநகர் மன்றமோ நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ, தமிழ்ப் பக்கத்த படிச்சிப் பாக்குற ஆளுக்குன்னு டாக்குமெண்ட்ல காசு வரி போட்டிருந்தா அந்த ஒரு பக்கத்த மட்டும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. பேப்பர் சிமிலின்னு போட்டிருந்தா அதையும் சேத்து அனுப்புங்க.